ஏயூஆர் பொதியில் ‘ஜிபிஎல்’ என்று எழுதியிருந்தால் போதுமா?

மோக்கா டீச்சர்
வெள்ளி, இரவு 8.15

அனைவருக்கும் வணக்கம். குவாத்ர் போர்னில் ஒரு கோவில் மண்டபத்தில் சனிக்கிழமை பிற்பகல் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். எபெனில் ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட மடிக்கணினிகள் சில எங்களுக்கு வந்து சேர்ந்தன. பாதி 32 பிட் இயந்திரங்கள். பழைய மாணவன் ஒருவன் எல்லாவற்றிலும் ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட பாராபோலா என்ற இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தான். “இதில் இருப்பது எல்லாமே கட்டற்ற மென்பொருள், டீச்சர். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம். கண்ணை மூடிக்கொண்டு நகலெடுத்துக் கொடுக்கலாம்” என்று சொல்லிவிட்டு மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டான்.

இப்போது வகுப்புக்கு மூன்று கூடுதலாக வேண்டியிருக்கிறது. மூன்றும் பாராபோலா களஞ்சியத்தில் இல்லை, ஆர்ச் பயனர்கள் பொதிகளை ஏற்றிவைக்கும் ஏயூஆரில் இருக்கின்றன. தமிழ்99 தட்டச்சுப் பயிற்சி நிரல் ஒன்று. அதன் பக்கத்தில் உரிமம் ‘ஜிபிஎல்’ (குனூ பொது உரிமம்) என்று இருக்கிறது. தமிழ் எழுத்துருக்கள் பல சேர்ந்த ஒரு கட்டு, அதில் ‘கஸ்டம்’. அப்புறம் பிரெஞ்சில் ஒரு வாய்ப்பாட்டு விளையாட்டு. அதில் வெறும் ‘ஃப்ரீ’. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் கலந்துதான் போகிறது. தமிழில் கேட்டால் விழிப்பார்கள், அதனால் அதுவும் வேண்டும்.

வகுப்பில் ஓட்டுவதோடு முடிந்தால் நான் இவ்வளவு யோசிக்க மாட்டேன். பென்டிரைவில் போட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுக்க வேண்டும், மாஹேபூரில் நடக்கும் இன்னொரு வகுப்புக்கும் அனுப்ப வேண்டும் என்று கோவில் கமிட்டி விரும்புகிறது. காவடி விடுமுறைக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும் என்பது செயலாளர் ஐயாவின் எண்ணம். ஆனால் அவரே, “நாளைக்கு ஒருவர் வந்து இது என்னுடையது என்றால் யார் பதில் சொல்வது?” என்றும் கேட்கிறார்.

நான் நிரல் எழுதுகிறவள் இல்லை. டெர்மினலில் சொன்னதைத் தட்டுவேன், அவ்வளவுதான். உரிமம் சரிதானா என்று நானே பார்க்க வழி உண்டா?


கடலோரக் கணேசன்
வெள்ளி, இரவு 9.02

ஜிபிஎல் என்று போட்டிருந்தால் ஜிபிஎல்தான் டீச்சர். ‘கஸ்டம்’, ‘ஃப்ரீ’ எல்லாம் இலவசம் என்றுதான் அர்த்தம். கோவிலில் தமிழ் சொல்லிக்கொடுப்பதற்கு யார் கேஸ் போடப்போகிறார்கள்? தைரியமாகக் கொடுங்கள்.


இரவு ஷிப்ட்
சனி, காலை 3.40

டீச்சர், கணேசன் அண்ணன் சொன்னதில் பாதி சரி. கேஸ் யாரும் போடப்போவதில்லை. ஆனால் உங்கள் கேள்வி கேஸைப் பற்றியது இல்லையே. கொடுக்க அனுமதி இருக்கிறதா என்பதுதானே. அந்த உரிம வரியில் அதற்குப் பதில் கிடைக்காது.

ஏயூஆரில் மென்பொருளே இல்லை. எங்கிருந்து இறக்குவது, எப்படிக் கட்டுவது (மூலநிரலை ஓடும் நிரலாக்குவது) என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்புதான் இருக்கிறது, பிகேஜிபில்ட் என்பார்கள். கணக்கு வைத்திருக்கும் யாரும் ஏற்றலாம், ஏற்றுவதற்கு முன் யாரும் சோதிப்பதில்லை. உரிம வரி அந்தக் கோப்பை ஏற்றியவர் தட்டியது, நிரலை எழுதியவர் சொன்னது அல்ல. நிறையப் பேர் வேறொரு பொதியின் கோப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி ஏற்றுகிறார்கள். உரிம வரி பழையபடியே நின்றுவிடுகிறது. கட்டற்றது அல்லாத மென்பொருளுக்கும் ஏயூஆரில் இடம் உண்டு, அதன் விதியே அப்படி. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அங்கீகரிக்கும் வழங்கல்களுக்கோ விதி வேறு: கட்டற்றதை மட்டுமே வைப்போம் என்று உறுதி சொல்லாத வெளிக் களஞ்சியத்துக்கு ஆளை அனுப்பவே கூடாது. உங்கள் மாணவன் சொன்னது பாராபோலாவின் சொந்தக் களஞ்சியத்துக்கு முழுக்கப் பொருந்தும். ஏயூஆருக்குள் கால் வைத்ததும் அந்த வாக்கு செல்லாது, சோதிக்கும் வேலை உங்கள் தலையில் வந்துவிடும்.

‘யுவர் ஃப்ரீடம்’ என்று ஒரு பொதி உங்கள் கணினிகளில் இருக்கலாம். கட்டற்றது அல்ல என்று தெரிந்த பொதிகளின் பெயர்ப் பட்டியல் அது. அந்தப் பெயரில் எதையாவது நிறுவப் போனால் மறிக்கும். நல்ல காவலாளிதான், ஆனால் பெயரைப் பார்த்துத்தான் மறிப்பார். அவர் பட்டியலில் இல்லாத பெயரில் வந்தால் கும்பிட்டு உள்ளே விட்டுவிடுவார்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது என்ன? நான் எப்போதும் டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வழங்கலில்தான் தொடங்குவேன். நீங்கள் டெபியன் பயன்படுத்தாவிட்டாலும் பரவாயில்லை. அதே நிரல் டெபியனின் ‘மெயின்’ பிரிவில் (கட்டற்றதற்கு மட்டுமான பிரிவு) இருந்தால், யாரோ ஒருவர் கோப்புக் கோப்பாக உட்கார்ந்து பார்த்து ‘காபிரைட்’ என்ற கோப்பில் எழுதி வைத்திருப்பார், இன்னொருவர் அதைச் சரிபார்த்துத்தான் உள்ளே விட்டிருப்பார். இணையத்தில் அந்தப் பொதியின் பக்கத்திலேயே அதைப் படிக்கலாம். பதிப்பு எண்ணின் வாலில் ‘டிஎஃப்எஸ்ஜி’ (டெபியனின் கட்டற்ற மென்பொருள் விதிகளின் சுருக்கம்) என்ற எழுத்துகள் தொங்கினால் கவனியுங்கள்: மூலத்தில் இருந்த எதையோ கட்டற்றது இல்லை என்று வெட்டி எறிந்திருக்கிறார்கள். எதை என்பதும் பெரும்பாலும் அந்தக் கோப்பிலேயே இருக்கும். ஏயூஆர் பொதி மூலத்தை நேராக இறக்குவதால், டெபியன் வெட்டியது உங்களிடம் முழுசாக வந்து சேரும்.

டெபியனில் இல்லை என்றால் மூலத்தையே திறக்க வேண்டியதுதான். முதலில் பிகேஜிபில்டைப் படியுங்கள், ஒரு பக்கம்தான் இருக்கும். எந்த முகவரியிலிருந்து இறக்குகிறது என்று பாருங்கள். (படிக்காமல் ஓட்டாதீர்கள். 2025 ஜூலையில் ஃபயர்பாக்ஸ், லிப்ரவுல்ஃப், ஜென் உலாவிகளின் பெயரை ஒட்டி ஏயூஆரில் ஏறிய மூன்று பொதிகள், கணினியைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் தீநிரலைச் சுமந்து வந்தன. இரண்டு நாளில் நீக்கிவிட்டார்கள். அதற்குள் நிறுவியவர்கள் நிறுவியதுதான்.) பிறகு பிகேஜிபில்டை ஓட்டும் மேக்பிகேஜி கட்டளையை ‘நோபில்ட்’ விருப்பத்தோடு ஓட்டினால் மூலத்தை இறக்கி, பிரித்து வைத்துவிட்டு நின்றுவிடும், கட்டாது. அந்தக் கோப்புறைக்குள் போங்கள்.

‘காபியிங்’ அல்லது ‘லைசென்ஸ்’ என்று கோப்பு இருக்கிறதா? இருந்தால் நல்லது, ஆனால் அதோடு முடியாது. மூலநிரல் கோப்புகளின் தலையில் நாலைந்து வரி குறிப்பு இருக்கும். அங்கேதான் ஆசிரியர் இது ஜிபிஎல் 2 மட்டுமா, 2-உம் அதற்குப் பிந்தையதுமா என்று சொல்லியிருப்பார். எந்த எண்ணும் சொல்லாமல் ஜிபிஎல் என்று மட்டும் ஆசிரியரே சொல்லியிருந்தால் பயம் இல்லை; அறக்கட்டளை வெளியிட்ட எந்தப் பதிப்பையும் நீங்கள் தேர்ந்துகொள்ளலாம் என்று ஜிபிஎல் 2-இன் 9-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. ஆசிரியர் எங்குமே எதுவுமே சொல்லவில்லை என்றால் கதை வேறு. பெர்ன் உடன்படிக்கைப்படி எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை பிறந்துவிடும், பதிய வேண்டியதில்லை. மொரீஷியஸும் அதில் இருக்கிறது. உரிமம் இல்லாத நிரல் பொதுச்சொத்து என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உண்மை நேர் எதிர்: அனுமதி எதுவுமே இல்லை என்று பொருள்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக இருந்தால் இன்னொரு பொறி. ‘பேக்கேஜ் ஜேசன்’ கோப்பில் உரிமம் ‘ஐஎஸ்சி’ (இதுவும் ஒரு கட்டற்ற உரிமம்) என்று இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பொதிக் கருவியான என்பிஎம் புதுத் திட்டம் தொடங்கும்போது அதைத் தானாகவே நிரப்பிவிடும். ஆசிரியர் என்டர் தட்டிக்கொண்டே போயிருப்பார், உரிமம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. வேறு எங்கும் ஆதாரம் இல்லாமல் அந்த ஒரு வரியை மட்டும் வைத்து நான் முடிவு செய்வதில்லை.

கட்டும்போது வேறு எதையாவது இணையத்திலிருந்து இழுக்கிறதா என்றும் பாருங்கள். பிப் (பைத்தானின் பொதிக் கருவி), என்பிஎம் வழியாக வந்து ஏறும் நூலகங்களை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பெயரின் கடைசியில் ‘பின்’ என்று இருந்தால், மூலத்தைத் தொடாமல் ஏற்கெனவே கட்டியதை அப்படியே இறக்குகிறது என்று பொருள். நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ கோடு நல்ல உதாரணம்: மூலநிரல் எம்ஐடி என்ற தளர்வான கட்டற்ற உரிமத்தில் திறந்திருக்கிறது, ஆனால் மைக்ரோசாஃப்ட் கட்டித் தரும் நிரலுக்கு வேறு, கட்டுப்பாடான உரிமம். மூலத்தைப் பார்த்து எம்ஐடி என்று நம்பி அதை நகலெடுத்துக் கொடுக்க முடியாது. அந்த மூலத்தைக் கட்டற்றதாகவே கட்டித் தர விஎஸ்கோடியம் என்று தனியாக ஒரு திட்டம் இருப்பதே இதனால்தான்.

‘கஸ்டம்’ பற்றி. பட்டியலில் இல்லாத உரிமம் என்று மட்டும்தான் அதற்குப் பொருள், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. ஆர்ச் விதிப்படி அப்படிப்பட்ட உரிமத்தின் முழு உரையையும் பொதி நிறுவிக் கொடுக்க வேண்டும். கஸ்டம் என்று போட்டுவிட்டு உரையை வைக்காத பொதியை நான் தொடுவதில்லை. இப்போது எஸ்பிடிஎக்ஸ் குறியீடுகளை (உரிமங்களுக்கான பொதுச் சுருக்கப்பெயர்கள்) எழுதச் சொல்கிறார்கள், நல்லதுதான், ஜிபிஎல்லின் எந்தப் பதிப்பு என்று தெளிவாகத் தெரியும். ஆனால் குறியீடு இருக்கிறது என்பதற்காக அது கட்டற்றது ஆகிவிடாது. வணிகத்துக்குக் கூடாது என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கும் குறியீடு உண்டு. தரவுத்தள நிறுவனமான மாங்கோடிபி 2018-இல் கொண்டுவந்த எஸ்எஸ்பிஎல் உரிமத்துக்கும் உண்டு. குறியீட்டுப் பட்டியலில் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டதா என்று தனிப் பத்தி இருக்கிறது, அதைப் பாருங்கள்.

எழுத்துருதான் எனக்கு உண்மையான கவலை. அறக்கட்டளையின் விதியில் எழுத்துரு ‘நடைமுறைப் பயனுள்ள தகவல்’ என்ற வகையில் வருகிறது. விளையாட்டில் வரும் படம், இசை போன்றவற்றுக்கு மாற்ற அனுமதி இல்லாவிட்டாலும் விட்டுவிடுவார்கள். எழுத்துருவுக்கு அந்தச் சலுகை கிடையாது, நிரலைப் போலவே முழுக்கக் கட்டற்றதாக இருக்க வேண்டும். நம் எழுத்துருக்களின் பூர்வீகமோ, கேட்கவே வேண்டாம். 90-களின் எட்டு பிட் எழுத்துருக்களைப் பெயர் மாற்றி, உரிமையாளர் பெயரை அழித்து, கைமாற்றிக் கைமாற்றியே பாதி உலகம் தட்டச்சு செய்தது. அந்த மரபு யூனிகோடு வந்த பிறகும் போகவில்லை. எழுத்துருவைத் திருத்தும் நிரலான ஃபான்ட்ஃபோர்ஜில் எழுத்துருவைத் திறந்து, ‘எலிமென்ட்’ பட்டியலில் ‘ஃபான்ட் இன்ஃபோ’ போய், ‘டிடிஎஃப் நேம்ஸ்’ பாருங்கள். பதிப்புரிமை, உரிமம், உரிமத்தின் முகவரி என்று வரிகள் இருக்கும். காலியாக இருந்தாலும் தகவல்தான்.

கணேசன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. கோவிலில் இலை போட்டு ஏழு கறி பரிமாறினால் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு மாஹேபூருக்குப் போய்ப் பரிமாற வேண்டுமென்றால் சமைத்தவரைக் கேட்க வேண்டும். டீச்சர் கேட்பது அண்டாவைப் பற்றி.

பொதிகளின் பெயரை இங்கே போட வேண்டாம், பாவம் யாரோ சும்மா செய்தது. உள்ளே என்ன கண்டீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.


டர்பன் பெருமாள்
சனி, காலை 9.20

இவ்வளவு சுற்ற வேண்டுமா தம்பி? எங்கள் வெல்கமில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இலேயே உபுண்டு லினக்ஸைக் கொடுத்துவிட்டார். ‘மெயின்’, ‘யுனிவர்ஸ்’ இரண்டையும் திறந்து வைத்து, ‘ரெஸ்ட்ரிக்டெட்’, ‘மல்டிவர்ஸ்’ இரண்டையும் மூடிவிட்டால் வேலை முடிந்தது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் மன்றத்துக் கணினிகள் அப்படித்தான் ஓடுகின்றன. எழுத்துருவுக்கு லோஹித் போதும், நோட்டோ போதும். ஏயூஆர் பக்கமே போக வேண்டாம் டீச்சர்.


இரவு ஷிப்ட்
சனி, காலை 10.05

பெருமாள் ஐயா, 64 பிட் என்றால் நானும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருப்பேன், உபுண்டுவின் ஸ்னாப் மென்பொருள் கடையை மட்டும் தனியாகக் கவனிக்கச் சொல்லி (அதில் கட்டற்றதும் அல்லாததும் ஒரே அலமாரியில் நிற்கின்றன). டீச்சரிடம் பாதி 32 பிட். உபுண்டு அதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆர்ச் 2017-இல் விட்டது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் கணினிக்கு நிறுவி தருவதில்லை. அந்த மாணவன் பாராபோலாவைப் பிடித்தது சும்மா இல்லை.

இன்னொன்று, டெபியன் அளவுகோலும் அறக்கட்டளை அளவுகோலும் எப்போதும் ஒன்றாக இருக்காது. மாற்றக் கூடாத பகுதிகள் கொண்ட குனூ ஆவண உரிமக் கையேடுகளை டெபியன் 2006-இல் வாக்கெடுத்துக் கட்டற்றது அல்ல என்று ஒதுக்கியது. அறக்கட்டளைக்கு அதில் ஆட்சேபம் இல்லை. பென்டிரைவில் போட இரண்டுமே போதும், நான் சண்டைக்கு வரவில்லை.

லோஹித், நோட்டோ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. லோஹித் முன்பு ஜிபிஎல்லில் இருந்து 2011-இல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸுக்கு மாறியது. நோட்டோ 2015 வரை அப்பாச்சி, அதன் பிறகு அதே ஓபன் ஃபான்ட் லைசென்ஸ். அந்த உரிமத்தில் எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. ஏதாவது ஒரு நிரலோடு சேர்த்து விற்கலாம், அதனால் அறக்கட்டளை இதைக் கட்டற்றதாகவே ஏற்கிறது.


மோக்கா டீச்சர்
ஞாயிறு, மாலை 5.30

தம்பி, நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஃபான்ட்ஃபோர்ஜ் எனக்குப் பிடித்துப்போய்விட்டது, ‘ழ’வின் வளைவை இழுத்துப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விட்டது.

தட்டச்சு நிரல்: லைசென்ஸ் கோப்பு கிடையாது. பெரும்பாலான மூலநிரல் கோப்புகளின் தலையில் ஆசிரியர் பெயரோடு ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது என்று இருக்கிறது. சிலவற்றில் எதுவுமே இல்லை. ‘டேட்டா’ என்ற கோப்புறையில் ஓர் எழுத்துரு. அதைத் திறந்தால் ஒரு நிறுவனத்தின் பெயரும் எல்லா உரிமையும் தமக்கே என்ற வரியும். சொற்பட்டியல் ஒன்றை எங்கிருந்தோ இறக்குகிறது. அந்தப் பக்கத்தில் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் குறி.

எழுத்துருக் கட்டு: உள்ளே ஒரு உரைக்கோப்பு. “தமிழ் வளர்ச்சிக்காகத் தமிழர் அனைவருக்கும் இலவசம். விற்கக் கூடாது. மாற்றக் கூடாது.” அவ்வளவுதான். படித்ததும் எனக்கு மனசு நெகிழ்ந்தது. நாங்களும் தமிழர்தானே, இதைக் கொடுக்கலாம் அல்லவா?

வாய்ப்பாட்டு விளையாட்டின் பக்கம் முழுக்கப் பிரெஞ்சு. கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம் என்று ஒரு வரி மட்டும் புரிந்தது. மூலநிரல் எங்கும் காணோம்.


செயிந்தெனி வேலு
ஞாயிறு, இரவு 7.10

அக்கா, அந்த விளையாட்டை விட்டுவிடுங்கள். ‘கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம்’ என்பது இங்கே ரியூனியன் பள்ளிகளிலும் அடிக்கடி காணும் வரி. வாத்தியார் தன் பிள்ளைகளுக்காக எழுதி வலையில் போடுவார். பயன்பாட்டைக் கல்வி என்று கட்டிவைத்ததுமே கட்டற்ற தன்மை போய்விட்டது. மூலநிரலும் இல்லை என்றால் பேச ஒன்றும் இல்லை.

ஆனால் பிரெஞ்சு உரிமம் என்றாலே ஓடிவிடாதீர்கள். ‘செசில்’ என்று எங்காவது கண்டால் நின்று படியுங்கள். பிரான்சின் சிஇஏ, சிஎன்ஆர்எஸ், இன்ரியா என்ற மூன்று ஆய்வு நிறுவனங்கள் 2004-இல் பிரெஞ்சுச் சட்டத்துக்கு ஏற்ப எழுதியது அது. அதன் 2-ஆம் பதிப்பை அறக்கட்டளை கட்டற்றது, ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் என்று ஏற்றிருக்கிறது. ஏயூஆரில் இது ‘கஸ்டம்’ என்று கிடந்தாலும் நல்ல சரக்கு. வாய்ப்பாடு, கணக்கு விளையாட்டு வேண்டுமென்றால் ஜிகோம்ப்ரி என்ற கல்வி விளையாட்டுத் தொகுப்பு போதாதா? தொடங்கியவரே பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு மொழி உள்ளேயே இருக்கிறது, குனூ உரிமம்.


இரவு ஷிப்ட்
திங்கள், காலை 4.15

வேலு சொன்னதற்கு மேல் விளையாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. தூக்கிப்போடுங்கள்.

எழுத்துருக் கட்டு. அந்த உரைக்கோப்பை எழுதியவர் நல்ல மனசோடு எழுதியிருக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் மாற்றக் கூடாது என்றால் நாளைக்கு யூனிகோடில் ஓர் எழுத்து கூடினால் யாரும் சேர்க்க முடியாது. விற்கக் கூடாது என்றால் பென்டிரைவுக்குக் கோவில் கொஞ்சம் காசு வாங்கினால் அது விற்பனையா என்று வாதம் வரும். தமிழர் அனைவருக்கும் என்றால், உங்கள் வகுப்பில் கிரியோல் பேசும் வேறு வீட்டுப் பிள்ளை யாரும் இல்லையா? யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஆள் பார்க்கும் உரிமத்தை டெபியனும் ஏற்காது, அறக்கட்டளையும் ஏற்காது. ஜேசன் உரிமத்தில் இந்த மென்பொருளை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரே ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக அது கட்டற்றதல்ல என்று முடிவாகி, பல திட்டங்கள் அந்த உரிமத்தில் வந்த நிரலைக் கழற்றி வேறு மாட்டிக்கொண்டன. மற்றபடி அது எம்ஐடி உரிமம்தான். இப்படி நல்லெண்ணத்தோடு எழுதிய உரிமங்களைத்தான் நான் இரண்டு முறை படிப்பேன். இன்னொன்றும் உண்டு: கட்டில் இருக்கும் அத்தனை எழுத்துருவையும் அவரேதான் வரைந்தாரா? நான்கைந்தை ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து பாருங்கள். பதிப்புரிமை வரியில் வேறு வேறு பெயர் வந்தால் அவர் கொடுத்த அனுமதிக்கே மதிப்பில்லை. லோஹித், நோட்டோ, மீரா இனிமை, கட்டமரன், முக்தா மலர் எல்லாம் ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் இருக்கின்றன. தலைப்புக்கு, பாடத்துக்கு, பிறந்தநாள் வாழ்த்துக்கு என்று வகைக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

தட்டச்சு நிரல் மட்டும் காப்பாற்றத் தகுந்தது. ஆசிரியரின் நோக்கம் ஜிபிஎல் என்று கோப்புத் தலையிலேயே தெரிகிறது, வீடு ஒழுங்காக இல்லை, அவ்வளவுதான். அவருக்குத் தனி மின்னஞ்சல் எழுதாதீர்கள். மூலம் இருக்கும் இடத்திலேயே வழுப் பட்டியலில் எல்லோரும் பார்க்கும்படி கேளுங்கள். தனியாகக் கேட்டால் பதில் உங்கள் பெட்டியிலேயே புதைந்துவிடும். அடுத்து மலேசியாவிலோ ஜாஃப்னாவிலோ ஒருவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இப்படி எழுதலாம்:

“ஐயா, உங்கள் நிரல் எங்கள் வகுப்புக்கு மிகவும் பயன்படும். சில கோப்புகளில் ஜிபிஎல் 2 அல்லது பிந்தையது என்று இருக்கிறது, சிலவற்றில் குறிப்பு இல்லை. எல்லாக் கோப்புகளுக்கும் அதே உரிமம்தானா? அப்படியென்றால் உரிமத்தின் முழு உரையையும் ஒரு கோப்பாகச் சேர்க்க முடியுமா? டேட்டா கோப்புறையில் உள்ள எழுத்துருவுக்குப் பதிலாக லோஹித் வைத்துக்கொள்ளலாமா?”

குறிப்பு இல்லாத கோப்புகள் எவை என்று பெயர் போட்டுக் காட்டுங்கள், அவருக்கு வேலை எளிது. ‘உங்கள் நிரல் சட்டவிரோதம்’ என்கிற தொனி மட்டும் வேண்டாம்; சும்மா ஊருக்குச் செய்தவரை அப்படிக் கேட்டால் களஞ்சியத்தையே மூடிவிட்டுப் போய்விடுவார். பார்த்திருக்கிறேன்.

சொற்பட்டியலுக்கு அவரை எதிர்பார்க்காதீர்கள், நீங்களே எழுதுங்கள். உங்கள் பாடப்புத்தகத்து வரிசையில் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொற்களாகப் போட்டால், இறக்குகிற பட்டியலைவிட வகுப்புக்குப் பொருத்தமாக இருக்கும்.


மோக்கா டீச்சர்
வியாழன், இரவு 9.45

ஆசிரியர் பதில் போட்டுவிட்டார்! சிங்கப்பூரில் இருக்கிறாராம். எல்லாக் கோப்பும் ஜிபிஎல் 2 அல்லது பிந்தையதுதான், எழுதும்போது மறந்துவிட்டேன் என்றார். உரிமக் கோப்பைச் சேர்த்து, எழுத்துருவை நீக்கிப் புதுப் பதிப்பே வெளியிட்டிருக்கிறார். பென்டிரைவில் லோஹித், நோட்டோ, தட்டச்சு நிரல், ஜிகோம்ப்ரி. சொற்பட்டியலை நானும் இன்னொரு டீச்சரும் எழுதுகிறோம்.

இரண்டு சந்தேகம். கட்டிய நிரலை மட்டும் போட்டால் போதுமா? எங்கள் வகுப்புப் பாட்டி ஒருவர் ஒவ்வொரு சொல்லையும் உச்சரித்துப் பதிவு செய்து தருகிறேன் என்கிறார். அந்த ஒலிக்கு என்ன உரிமம் போடுவது?


டர்பன் பெருமாள்
வியாழன், இரவு 10.30

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன், தம்பி தூங்கட்டும். ஜிபிஎல் நிரலைக் கட்டிய வடிவில் கொடுத்தால் மூலநிரலும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி, அது இது என்று சுற்றுவழி உண்டு, உங்களுக்கு எதற்கு? மேக்பிகேஜியில் ‘ஆல்சோர்ஸ்’ விருப்பம் போட்டால் இறக்கிய மூலம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகத் தரும். அதையும் பென்டிரைவில் ‘மூலநிரல்’ என்று ஒரு கோப்புறையில் போடுங்கள். ஜிகோம்ப்ரியை நீங்கள் கட்டவில்லை, பாராபோலாவிலிருந்து வருகிறது. அதன் மூலத்தையும் மறக்காமல் எடுத்து அங்கேயே வையுங்கள். தட்டச்சு நிரலின் பழைய பதிப்பு ஏதாவது கணினியில் கிடந்தால் அழித்துவிடுங்கள், அதில் அந்த எழுத்துரு இன்னும் இருக்கும்.


இரவு ஷிப்ட்
வெள்ளி, காலை 2.50

தூங்கவில்லை ஐயா, பெயரைப் பாருங்கள்.

டீச்சர், குரல் பாட்டியுடையது, அதனால் முடிவும் அவருடையது. பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள்: இதை யாரும் நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம், சம்மதமா என்று இதே சொற்களில். சரி என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பிடல்–அதேபோல்பகிர்தல் 4.0 போடுங்கள், 2015 முதல் அந்த உரிமத்தில் உள்ளதை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள்ளும் எடுத்துக்கொள்ள முடியும், உங்கள் தட்டச்சு நிரல் ‘அல்லது பிந்தையது’ என்று இருப்பதால் இடிக்காது. ஒலிக் கோப்புறைக்குள்ளேயே ஒரு உரைக்கோப்பு வைத்து, அவர் எந்தப் பெயரில் வர விரும்புகிறாரோ அந்தப் பெயர், பதிவு செய்த ஆண்டு, உரிமத்தின் முழுப்பெயர் மூன்றையும் எழுதுங்கள். சொற்பட்டியலுக்கும் அதையே செய்யுங்கள், உங்கள் இருவர் பெயரும் சேர்த்து. பிறகு சிங்கப்பூர்க்காரருக்கு அனுப்புங்கள், சேர்த்துக்கொள்வார்.